மருமகன் என்றால் யார்? கவிமணியும் நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழியும்

போன வருடம் நாகர்கோவிலில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் மதுரையிலிருந்து வந்திருந்த நண்பர். பருப்பும் நெய்யும் வந்தன, சாம்பார் வந்தது, அவியல், எரிசேரி, புளிசேரி என்று வரிசையாக வந்தன. கடைசியில் அடைப்பிரதமனை இலையிலேயே ஊற்றச் சொல்லி, பப்படத்தை நொறுக்கிப் போட்டு, பழத்தையும் சேர்த்துப் பிசைந்து நான் வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் மெதுவாகக் கேட்டார்: "ஏங்க, நீங்க தமிழா, மலையாளமா?"

நான் வாயைத் துடைப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டது. "உங்க பக்கம் பொம்பளைங்க ராஜ்யம்னு சொல்றாங்களே? சொத்தெல்லாம் மருமகனுக்குத்தானாமே? அப்ப மாமனார் போய்ச் சேர்ந்தா மாப்பிள்ளைக்கு யோகம்!"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மருமக்கள்வழி என்ற பேச்சு வந்தாலே படித்தவர்கள்கூட இப்படித்தான் புரிந்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் பெண்களின் பொற்காலம் என்பார். இன்னொருவர் அப்பா யாரென்று தெரியாத காலத்து வழக்கம் என்று கண்ணடிப்பார். இரண்டுமே தப்பு. சரியாகப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒரு கவிஞரைப் பிடித்துக்கொள்வதுதான். அவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. பசுவும் கன்றும் பாட்டு எழுதியவர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அவர் எழுதியதிலேயே காரம் மிகுந்த ஒன்று இந்த மருமக்கள்வழியைப் பற்றியது என்பது பலருக்குத் தெரியாது.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம்

குழப்பம் தொடங்குவதே 'மருமகன்' என்ற சொல்லில்தான். இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் மகளின் கணவன்தான் நினைவுக்கு வருவான். ஆனால் ஓர் ஆணுக்கு அக்காள் தங்கையின் மகனும் மருமகன்தான். தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்துகிறோமே, அந்தப் பையன் மாமனுக்கு என்ன முறை? மருமகன். அவனுக்கே தன் பெண்ணைக் கட்டிக்கொடுப்பது நம் பழைய வழக்கம் என்பதால் இரண்டு உறவுக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்தது.

மருமக்கள்வழியில் வரும் மருமகன் இந்த இரண்டாவது ஆள், அதாவது சகோதரியின் மகன். மாப்பிள்ளைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மலையாளத்தில் இதையே மருமக்கத்தாயம் என்பார்கள். மகனுக்குச் சொத்துப் போகும் முறை மக்கள்வழி, அங்கே மக்கத்தாயம்.

ஆக மருமக்கள்வழி என்பதற்கு ஒரே வரியில் பொருள் சொல்வதானால்: ஓர் ஆணின் குடும்பச் சொத்து அவன் பெற்ற மகனுக்குப் போகாமல் அவன் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் முறை.

வாய்க்கால் யாருடையது, மடை யார் கையில்?

நாஞ்சில் நாடு, அதாவது நாகர்கோவிலைச் சுற்றியுள்ள எங்கள் பக்கம், நெல் விளைகிற ஊர். குளத்திலிருந்து வாய்க்கால் போகும், வயலுக்கு வயல் மடை இருக்கும். வாய்க்கால் எந்த வழியாகப் போகிறது என்பது ஒரு விஷயம். மடையைத் திறப்பவன் யார் என்பது வேறு விஷயம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பெண்கள் ராஜ்யம் என்ற பேச்சு வருகிறது.

மருமக்கள்வழியில் வாய்க்கால் பெண்கள் வழியாகப் போகிறது. அம்மா, அவள் மகள், அந்த மகளின் மகள் என்று ஒரே கொடியில் வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்தது ஒரு கூட்டுக் குடும்பம். அதற்குத் தறவாடு என்று பெயர். நிலம், வீடு, பாத்திரம் பண்டம் எல்லாம் தறவாட்டின் சொத்து, தனி ஆளுடையது கிடையாது. தறவாடு பெருத்துவிட்டால் ஒரு தாயும் அவள் வழியில் வந்தவர்களும் ஒரு கிளையாகப் பிரிவார்கள். அந்தக் கிளை தாவழி.

ஆனால் மடை? அது பெரும்பாலும் குடும்பத்தின் மூத்த ஆணிடம்தான் இருந்தது. அவருக்குக் காரணவர் என்று பெயர். நெல் அளப்பது, குத்தகை வாங்குவது, வழக்காடுவது, பத்தாயச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது எல்லாம் அவர் வேலை. அவருக்குக் கீழே வளரும் மருமகன்கள் அனந்தரவன்கள். காரணவர் காலமானால் அடுத்த மூத்த ஆண் அந்த இடத்துக்கு வருவார். பெண்ணின் வயிற்றை வைத்துத்தான் உரிமை வந்தது, கை மட்டும் ஆணின் கை. பெண்வழி என்பது வேறு, பெண்ணாட்சி என்பது வேறு. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். அண்ணன், தங்கை. அண்ணன் காரணவர். தங்கைக்கு ஒரு மகன். அண்ணனுக்கும் கல்யாணமாகி ஒரு மகன். தங்கை மகன் அந்தத் தறவாட்டைச் சேர்ந்தவன், ஏனென்றால் அவன் அம்மா அந்தத் தறவாடு. அண்ணன் மகன் அங்கே விருந்தாளி மாதிரி. அவன் அம்மா வேறு தறவாட்டுக்காரி, ஆகவே அவனும் அங்கேதான் சேர்த்தி. அண்ணன் கண்ணை மூடினால் சொத்து தங்கை மகன் பொறுப்புக்குப் போகும். பெற்ற மகனுக்கு அப்பாவின் தறவாட்டில் பங்கில்லை.

அப்படியானால் மகன் தெருவிலா நிற்பான்? கணக்குப்படி இல்லை. அவனுக்கு அவன் அம்மாவின் தறவாட்டில் இடமுண்டு. அங்கே அவன் தாய்மாமன் காரணவராக இருப்பார், அந்த மாமனுக்கு இவன் மருமகன். ஒரு வீட்டில் இழப்பதை இன்னொரு வீட்டில் பெறுகிறான். கணக்கு நேராகிவிடுகிறது. காகிதத்தில் பார்த்தால் இது ஒழுங்கான ஏற்பாடுதான். அந்தக் கணக்கு எங்கே உடைந்தது என்பதற்குத்தான் கவிமணி வேண்டும்.

அரண்மனையில் தத்து வந்த பெண்கள்

அதற்கு முன்னால் ஓர் உதாரணம். நாஞ்சில் நாடு 1949 வரை திருவனந்தபுரத்திலிருந்து ஆண்ட திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. திருவிதாங்கூர் அரச குடும்பமும் மருமக்கள்வழிதான். மகாராஜாவின் மகன் மகாராஜா ஆகமாட்டார். அவர் தம்பியோ, சகோதரியின் மகனோதான் ஆவார்.

மற்ற ராஜ்யங்களில் வாரிசு இல்லையென்றால் ஒரு பையனைத் தத்தெடுப்பார்கள். திருவிதாங்கூரில் 1900இல் வாரிசுக்கு வழியில்லாத நிலை வந்தபோது மாவேலிக்கரையிலிருந்து இரண்டு சிறுமிகளைத் தத்தெடுத்தார்கள். சேது லட்சுமி பாய், சேது பார்வதி பாய். ஓவியர் ரவிவர்மாவின் பேத்திகள். ராஜா வேண்டுமென்றால் ராஜாவைப் பெறுகிற பெண் முதலில் வேண்டும். 1912இல் சேது பார்வதி பாய்க்குப் பிறந்தவர்தான் கடைசி மகாராஜா சித்திரைத் திருநாள்.

வாய்க்கால், மடை என்று நான் சொன்னதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. பெண் இல்லாமல் வம்சம் இல்லை, ஆனால் முடி ஆணின் தலையில்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்ளலாம். மருமகன் என்பவன் சகோதரி மகன். தறவாடு தாய்வழிக் கூட்டுக் குடும்பம், அதை நடத்துபவர் காரணவர், கீழே இருப்பவன் அனந்தரவன். அப்பா யாரென்று தெரியாததால் வந்த முறை என்பது வம்புப் பேச்சு. நாஞ்சில் நாட்டில் எல்லோருக்கும் அப்பா யாரென்று நன்றாகத் தெரியும். அவர் சொத்து நமக்கு வராது என்பதும் தெரியும்.

தேரூர்ப் பையன்

கவிமணி பிறந்தது 1876இல், சுசீந்திரத்தை அடுத்த தேரூரில். வீட்டில் தமிழ், தெருவில் தமிழ், வயலில் தமிழ். ஆனால் ஆட்சி திருவனந்தபுரத்தில். பள்ளியில் மலையாளம் படிக்க வேண்டியிருந்தது. தமிழை முறையாகக் கற்றது பள்ளிக்கு வெளியே, வாணன்திட்டில் இருந்த திருவாவடுதுறை மடத்தைச் சேர்ந்த சாந்தலிங்கத் தம்பிரானிடம். தமிழ்நாட்டின் மிக இனிமையான கவிஞர்களில் ஒருவர் தாய்மொழியைப் பள்ளிக்கூடத்துக்குப் போகாத நேரத்தில் படித்தார் என்று சொன்னால் வடக்கே இருப்பவர்கள் நம்ப யோசிப்பார்கள். எங்கள் ஊரில் அந்தக் காலத்துக் கிழவர்களைக் கேட்டால் இதிலென்ன இருக்கிறது என்பார்கள்.

பிறகு அவரே வாத்தியார் ஆனார். கோட்டாறு, நாகர்கோவில், அப்புறம் திருவனந்தபுரம் பெண்கள் கல்லூரி. 1931இல் ஓய்வு பெற்று மனைவி ஊரான புத்தேரியில் வந்து அமர்ந்தார். 1954இல் இறக்கும்வரை அங்கேதான்.

இரு பண்பாட்டுக்கு நடுவில் வாழ்ந்தவர் என்று அவரைச் சொல்வதுண்டு. உண்மைதான், ஆனால் அந்தச் சொல் கொஞ்சம் சொகுசானது. இரண்டு பக்கமும் கைவீசி நடந்த மாதிரி ஒரு படம் தருகிறது. அவர் விஷயத்தில் அது தினசரி வேலை. சுற்றியிருந்த கல்வெட்டுகளைப் படித்தார், காந்தளூர்ச்சாலை பற்றி ஆராய்ச்சி நூல் எழுதினார். சோழ மன்னர்களின் கல்வெட்டில் வரும் அந்த இடம் சேர நாட்டைச் சேர்ந்தது. அதை ஆராய்பவனுக்குத் தமிழும் தெரிய வேண்டும், தெற்குத் திருவிதாங்கூரின் ஒவ்வொரு மண்மேடும் தெரிய வேண்டும்.

வெளியூர்ச் சரக்கைத் தமிழாக்குவதிலும் கெட்டிக்காரர். எட்வின் ஆர்னால்டு ஆங்கிலத்தில் எழுதிய புத்தர் கதையிலிருந்து ஆசிய ஜோதி வந்தது. பாரசீகத்து உமர் கய்யாமை ஆங்கிலேயரான பிட்ஸ்ஜெரால்டு வழியாக வாங்கித் தமிழில் தந்தார். அந்தப் பாடல்களைப் படித்தால் மொழிபெயர்ப்பு என்ற நினைவே வராது. உமர் கய்யாம் சுசீந்திரம் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து பாடுவது போலத்தான் இருக்கும். 1940இல் சென்னையில் கவிமணி என்ற பட்டம் கொடுத்தார்கள்.

இதெல்லாம் அவருடைய புகழ். நமக்கு வேண்டியது அதற்கு முந்தைய காலம்.

இரண்டு பாதிகள் ஒட்டாத இடம்

மருமக்கள்வழி கேரளத்து நாயர் குடும்பங்களில் எப்படி நடந்தது? அங்கே கல்யாணமானாலும் பெண் பெரும்பாலும் தன் தறவாட்டிலேயே இருப்பாள். கணவன் வந்து போவான். பிள்ளைகள் அம்மா வீட்டிலேயே பிறந்து, மாமன் கண் முன்னாலேயே வளர்வார்கள். நாளைக்குத் தாங்கள் ஆளப்போகிற வீட்டில்தான் இன்றைக்கு விளையாடுகிறார்கள். அப்பா இறந்தால் துக்கம் உண்டு. வீடு காலி செய்ய வேண்டியதில்லை.

நாஞ்சில் நாட்டு வேளாளர்கள் தமிழர்கள். அவர்களில் மக்கள்வழிக் குடும்பங்களும் உண்டு, மருமக்கள்வழிக் குடும்பங்களும் உண்டு. மருமக்கள்வழி எப்படி இவர்களிடம் வந்தது என்பதற்கு ஊருக்கு ஒரு கதை சொல்வார்கள், அதை விடுங்கள். முக்கியமானது இதுதான்: சொத்து போகும் வழி மட்டும் மலையாள நாட்டு வழக்கமாயிற்று. கல்யாணம் தமிழ் வழக்கமாகவே நின்றுவிட்டது. பெண் தாலி கட்டிக்கொண்டு கணவன் வீட்டுக்குப் போனாள். அங்கே மாமியாருக்குக் கீழே அடுப்படியில் நின்றாள். பிள்ளைகள் அப்பா வீட்டில் பிறந்து, அப்பாவின் வயலில் நாற்று நட்டு, அப்பாவின் தொழுவில் சாணி அள்ளி வளர்ந்தார்கள். அத்தனையும் அப்பாவின் தறவாட்டுச் சொத்து. இவர்களுடையதல்ல.

இப்போது காரணவர் இறந்துபோகிறார் என்று வையுங்கள். அதே வீட்டில் அவர் தங்கை மகன் காரணவர் ஆகிறான். விதவையும் பிள்ளைகளும் இனி அங்கே யார்? ஒருவருமில்லை. கிளம்ப வேண்டியதுதான். அம்மாவின் தறவாட்டில் உரிமை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஏட்டில். அங்கே போனால் இருபது வருடமாக முகம் பார்க்காத மாமன். அவருக்கும் கூடவே மனைவி மக்கள். உயிரோடிருக்கும்போதே தன் பிள்ளைகளுக்கு நாலு காசு சேர்த்துவிட வேண்டும் என்ற கவலையில் தறவாட்டு நெல்லை ராத்திரியில் கடத்திக்கொண்டிருக்கிறவர். வந்து நிற்கிற மருமகன் அவர் கண்ணுக்கு வாரிசாகத் தெரியமாட்டான், வழக்குப் போட வந்தவனாகத்தான் தெரிவான்.

நாயர் தறவாட்டில் ஓடிய கணக்கு இங்கே உடைந்தது இதனால்தான். ஒரு பாதி அங்கிருந்து வந்தது, மறு பாதி இங்கேயே இருந்தது. நடுவில் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் விழுந்தவள் மனைவி. பந்தியில் அவியலும் சாம்பாரும் ஒரே இலையில் சேர்ந்தால் ருசி. சட்டமும் குடித்தனமும் அப்படிச் சேரவில்லை.

மனைவி மக்களுக்கு உகந்துடைமை என்ற பெயரில் ஒரு பகுதி ஒதுக்குகிற வழக்கம் இருந்தது. மொத்தச் சொத்தில் அது சிறு பகுதிதான். அதையும் கையில் வாங்குவதற்குள் வக்கீல் வீட்டுத் திண்ணை தேய்ந்துவிடும்.

எங்கள் ஆச்சி இதைக் கோட்பாடாகச் சொன்னதில்லை. "எங்க அப்பாவுக்கு அவ்வொ அப்பா போனப்பம் கெடச்சது ஒரு கோட்டை நெல்லும் இந்த உருளியும்தான்" என்பாள். அந்த வெண்கல உருளி இப்போதும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஒரு பக்கக் காது கொஞ்சம் நெளிந்திருக்கும். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பாயசம் வைத்த உருளியாம். கழுவிக் கவிழ்க்கும்முன் ஆச்சியின் பாட்டி அதை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, பையனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டாளாம். யாரும் தடுக்கவில்லை. சூடாக இருந்ததால் தடுக்கவில்லை என்பது ஆச்சி அடித்த ஜோக்.

ஐந்தாவது மனைவி பேசுகிறாள்

இந்த இடைவெளியைத்தான் கவிமணி கவிதையாக்கினார். பெயர் நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம். 1917, 1918 வாக்கில் தமிழன் என்ற இதழில் தொடராக வந்தது. புத்தகமானது 1942இல்.

தலைப்பிலேயே குறும்பு ஆரம்பிக்கிறது. மான்மியம் என்றால் பெருமை. கோயில்களின் பெருமையைப் பாடும் நூல்களுக்கு வைக்கிற பெயர். இங்கே பாடப்படுவது ஒரு சொத்து வழக்கத்தின் 'பெருமை'. உள்ளே பகுதிகளைப் படலம் என்று பிரித்திருக்கிறார், கம்பராமாயணம் மாதிரி. கம்பனில் தசரதன் ஆட்சியைச் சொல்கிற அரசியற் படலம் உண்டு. கவிமணியில் மாமி அரசியற் படலம் உண்டு. நீதிமன்றம் ஏறி ஏறிக் குடும்பம் அழிந்த கதைக்கு கோடேறிக் குடிமுடித்த படலம் என்று பெயர். கோடு என்பது கோர்ட்டு. எங்கள் பக்கத்தில் கோர்ட்டுக்குப் போனான் என்று சொல்லமாட்டார்கள், கோடு ஏறினான் என்பார்கள். அந்தப் பேச்சு வழக்கைத் தூக்கிக் காப்பியத் தலைப்பில் வைத்துவிட்டார். எனக்கு இந்த இரண்டு தலைப்புகளுக்காகவே அவரைப் பிடிக்கும்.

கதை சொல்பவள் ஒரு காரணவரின் ஐந்தாவது மனைவி. இதுதான் அவர் செய்த பெரிய காரியம் என்பேன். வெளியே நின்று உபதேசம் செய்கிற சீர்திருத்தவாதியின் குரல் இல்லை. வழக்குப் போடுகிற மருமகனும் இல்லை, புலம்புகிற மகனும் இல்லை. அந்த வீட்டில் எந்தக் கணக்கிலும் வராத ஒருத்தி. தறவாட்டுக்காரியும் அல்ல, மூத்த மனைவியும் அல்ல. முறைமை எங்கெங்கே ஓட்டை என்பது அவளுக்குத்தான் முழுக்கத் தெரியும், ஏனென்றால் எல்லா ஓட்டை வழியாகவும் விழுந்தவள் அவள்.

ஆனாலும் அழுதுகொண்டே இருக்கமாட்டாள். கேலி செய்வாள், மாமியார் அளந்து போடுகிற சோற்றைப் பற்றி நாக்கைச் சுழற்றிப் பேசுவாள். கண்ணீரும் சிரிப்பும் ஒரே வரியில் வரும். கவிதையில் வருவது நாஞ்சில் நாட்டு அடுப்படிப் பேச்சு. காரணவர், அனந்தரவன் என்று மலையாள நாட்டுச் சொற்கள் தமிழ் அகவல் ஓட்டத்தில் தயக்கமில்லாமல் வந்து உட்காரும். இதே கவிஞர்தான் குழந்தைகளுக்குச் சர்க்கரைப் பாட்டு எழுதியவர் என்பதை நம்ப முதலில் கஷ்டமாக இருக்கும். கொஞ்சம் படித்தால் ஒரே ஆள்தான் என்று தெரிந்துவிடும். சொல் அவ்வளவு எளிது.

ஒருமுறை மாமி அரசியற் படலத்தை ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். நடுநடுவே "ஆமா, ஆமா" என்றாள், ஏதோ பக்கத்து வீட்டுச் சமாசாரம் போல. முடிந்ததும் ஒரே கேள்வி: "இவ யாரு வீட்டுக்காரி?" கற்பனைப் பாத்திரம் என்று விளக்க முயன்றேன். ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் மறுபடி ஒரு நிமிடம் நின்று திரும்பிப் பார்க்கலாம். மருமக்கள்வழி மோசமான முறை என்று கவிமணி எல்லா ஊருக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதவில்லை. அவர் காட்டியது நாஞ்சில் நாட்டுக் கலவையை: தாய்வழிச் சொத்து, ஆனால் கணவன் வீட்டுக் குடித்தனம்.

கவிதையால் சட்டம் வந்ததா?

எங்கள் ஊர் மேடைகளில் இதை அடிக்கடி கேட்கலாம். கவிமணி பாட்டு எழுதினார், உடனே சட்டம் மாறியது என்று. அவர் மேல் உள்ள பாசத்தில் சொல்வது. நானும் சின்ன வயதில் பேச்சுப் போட்டியில் முழங்கி ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கியிருக்கிறேன்.

தேதிகளைப் பார்த்தால் விஷயம் கொஞ்சம் வேறு. மருமக்கத்தாயத்தை ஆராய திருவிதாங்கூர் அரசு அமைத்த குழு 1908இலேயே அறிக்கை கொடுத்துவிட்டது. 1912இல் நாயர்களுக்கு ஒரு சட்டம், 1925இல் இன்னொன்று. காற்று ஏற்கெனவே அந்தப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. கவிமணியின் தொடர் இதற்கு நடுவில் வருகிறது. 1926இல், மலையாள நாட்டுக் கணக்கான கொல்லம் ஆண்டு 1101இல், நாஞ்சில்நாட்டு வேளாளர்களுக்கென்று தனிச் சட்டம் பிறந்தது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உரிமை வந்தது, தறவாட்டுச் சொத்தைப் பாகம் பிரிக்க வழி பிறந்தது. அப்போது மகாராஜாவுக்கு வயது போதாததால் ஆட்சி செய்துகொண்டிருந்தவர் யார் தெரியுமா? மாவேலிக்கரையிலிருந்து தத்து வந்த அந்தச் சிறுமிகளில் ஒருவரான சேது லட்சுமி பாய்.

ஆகவே கவிதை சட்டம் போடவில்லை. சட்டம் பேசத் தெரியாத ஒன்றை அது பேசியது என்று வேண்டுமானால் சொல்லலாம். குழுவின் முன் சாட்சி சொன்னவர்கள் எல்லாம் பெரிய மனிதர்களாக இருந்திருப்பார்கள். ஐந்தாவது மனைவியை யார் கூப்பிட்டுக் கேட்டிருக்கப் போகிறார்கள்?

1956இல் நாங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டுக்கு வந்தோம். அதே வருடம் இந்து வாரிசுரிமைச் சட்டமும் வந்தது. கேரளத்தில் கூட்டுக் குடும்ப முறையையே ஒழிக்கும் சட்டம் 1975இல் நிறைவேறி 1976 டிசம்பரில் அமலானது. அதோடு தறவாடு என்பது வீட்டுப் பெயராகவும் சினிமா செட்டாகவும் மிஞ்சியது.

தகரப் பெட்டியில் இரண்டு ஆதாரங்கள்

உங்கள் வீட்டிலும் பழைய திருவிதாங்கூர்ப் பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு ஆதாரம் என்று பெயர். முத்திரைத்தாளில் சங்கு போட்டிருக்கும். தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். அதோடு 825ஐக் கூட்டினால் ஆங்கில வருடம் வந்துவிடும், ஆவணியிலிருந்து டிசம்பர் வரையுள்ள மாதங்களுக்கு மட்டும் 824. பிறகு ஆட்களின் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். யாருடைய யார் என்று ஓர் அடையாளம் கூடவே இருக்கும்.

எங்கள் வீட்டு மச்சில் தகரப் பெட்டியில் இரண்டு ஆதாரங்கள் இருக்கின்றன. இரண்டிலும் ஆச்சியின் அப்பாதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார், உருளியோடு நடந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு போன அந்தப் பையன். முதல் ஆதாரம் 1093 மகரம் (நம் தை மாதம்), அதாவது 1918. அதில் அவர் பெயருக்கு முன்னால் தாய்மாமன் பெயரைப் போட்டு 'அனந்தரவன்' என்று எழுதியிருக்கிறது. இரண்டாவது 1104ஐச் சேர்ந்தது. அதே கையெழுத்து, கொஞ்சம் நடுங்கிய எழுத்து. இந்த முறை முன்னால் இருப்பது அவர் அப்பாவின் பெயர். அதற்குப் பக்கத்தில், பத்திரம் எழுதியவர் முதலில் பழக்கத்தில் 'அன' என்று தொடங்கி அடித்துவிட்டு, மேலே சின்ன எழுத்தில் 'மகன்' என்று எழுதியிருக்கிறார்.